‘தமிழ்’ என்பதன் நீளம் 5 என்கிறது பைதான். ஸ்ட்ரிங்கை, அதாவது உரைத்தொடரை, நிரல்மொழிகள் எப்படித்தான் கையாள வேண்டும்?

கரும்பலகை:

வணக்கம். ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகளுக்காகப் பைதானில் ஒரு சொல் விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்துக் கட்டங்களில் போட வேண்டும், பிள்ளைகள் சரியாக அடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் ‘விகடகவி’, ‘தாத்தா’, ‘குடகு’ போன்ற மாலைமாற்றுச் சொற்களை அவர்களே யோசித்துத் தட்டச்சு செய்வார்கள், நிரல் சரிபார்க்கும்.

தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. ‘தமிழ்’ என்று கொடுத்து நீளம் கேட்டால் 5 என்கிறது. கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. அதையே திருப்பிப் போட்டால் முதலில் ஒரு புள்ளிவட்டம், அதன் தலையில் ஒரு புள்ளி, பின்னால் ‘ழிமத’. ‘விகடகவி’ மாலைமாற்று இல்லையாம். ‘க’ என்று தொடங்கும் சொற்களைக் கேட்டால் கடல், கல் இவற்றோடு கோவில், கீரை எல்லாம் சேர்ந்து வருகின்றன. க வேறு, கீ வேறு, கோ வேறு என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று. சக ஆசிரியர் தன் கணினியிலிருந்து ஒரு சொற்பட்டியல் அனுப்பினார். அதிலிருக்கும் ‘கோவில்’, என் பட்டியலிலிருக்கும் ‘கோவில்’ இரண்டும் ஒன்றா என்று கேட்டால் இல்லை என்கிறது. ஒன்றின் நீளம் 6, இன்னொன்றின் நீளம் 7. திரையில் இம்மியும் வித்தியாசம் இல்லை.

இது பைதானின் குறையா, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிக்கோடு தரத்தின் குறையா? வேறு மொழிக்கு மாறினால் தீருமா? ஒரு நிரல்மொழி உண்மையில் இதையெல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.


பொருநை:

ஐயா, குறை யூனிக்கோடில்தான். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. இந்திய மொழிகளுக்கென 1988-இல் வந்த இஸ்கி தரத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். தேவநாகரிக்குப் போட்ட சட்டத்தில் தமிழைப் பொருத்தியதால் இடையிடையே வெற்றிடம்: க-வின் எண் 2965, அடுத்த ங-வின் எண் 2969. நடுவில் மூன்று இடம் காலி.

அதற்கு மாற்றாகத்தான் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 வந்தது. 2010-இல் தமிழக அரசே யூனிக்கோடோடு அதையும் தரமாக ஏற்றது. உங்கள் சொற்பட்டியலை அதற்கு மாற்றிவிட்டால் நீளம், திருப்புதல் எல்லாம் சாதாரணமாக வேலை செய்யும்.


சொல்லடைவு:

ஐயா, வணக்கம். பதிப்பகங்களுக்கு நூலின் பின்பக்கச் சொல்லடைவும் அகராதிப் பக்கங்களும் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். தமிழ்ச் சொற்களை எண்ணுவது, வெட்டுவது, அடுக்குவது தவிர வேறு வேலை எனக்கு இல்லை என்றே சொல்லலாம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பைதான் 5 என்றது பொய் இல்லை. ‘நீளம் எவ்வளவு’ என்ற கேள்விதான் முழுமையாக இல்லை. எதில் அளந்த நீளம்? யூனிக்கோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற சொல் கோப்பில் 15 பைட் பிடிக்கிறது. அதில் இருக்கும் யூனிக்கோடு எண்கள், அதாவது கோட் பாயிண்டுகள், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5. வாசிப்பவர் கண்ணுக்கு 3. கோ, ரஸ்ட் மொழிகள் இரண்டிலும் வெறுமனே நீளம் கேட்டால் 15 வரும். பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி இவற்றில் 5. ஸ்விஃப்ட், எலிக்சர், ராக்கு இவற்றில் 3. பிஎச்பி-யில் மூன்றுக்கும் மூன்று தனி ஃபங்ஷன் உண்டு.

இந்த மூன்று எண்ணுமே தேவைப்படுகிறது என்பதுதான் முக்கியம். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் அது 85 குறி. அங்கே பைட் எண்ணிக்கைதான் வேண்டும். குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 வரை போகும், தமிழ் என்றால் 70-தான். அந்த 70 என்பது 16 பிட் அலகுகளின் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. உங்கள் விளையாட்டுக் கட்டத்துக்கு வேண்டியது மூன்றாவது கணக்கு. எது வேண்டும் என்று கேட்காமலேயே ஒன்றை எடுத்து ‘இதுதான் நீளம்’ என்று தருவதைத்தான் நான் நிரல்மொழியின் குறை என்பேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்றால், பெரும்பாலும் காலத்தின் கோலம். 1990-களின் தொடக்கத்தில் யூனிக்கோடு 16 பிட்டுக்குள், 65,536 இடத்துக்குள் உலகின் எழுத்தெல்லாம் அடங்கும் என்று நம்பியது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அந்த நம்பிக்கையில் ஒரு குறிக்கு 16 பிட் என்று கட்டப்பட்டவை. ஜாவா 1.0 வந்தது 1996 ஜனவரி. அதே ஆண்டு ஜூலையில் வந்த யூனிக்கோடு 2.0, இடம் போதாது என்று எல்லையை விரித்துவிட்டது. எல்லைக்கு அப்பால் இருக்கும் குறிகளை இந்த மொழிகள் இரண்டு துண்டாக வைக்கின்றன. இமோஜிக்குத்தானே இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2019-இல் யூனிக்கோடு 12 நம் பழைய கணக்குக் குறிகளைச் சேர்த்தபோது அவற்றை அந்த எல்லைக்கு வெளியில்தான் வைத்தது. 1/320-ஐக் குறிக்கும் முந்திரி ஒற்றைக் குறிதான், ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளம் 2. பழைய நிலக்கணக்கு ஓலைகளைப் பதிப்பிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் சந்திப்பார்கள்.

இப்போது உங்கள் இரண்டு கோவில்கள். ஓகாரக் குறியை யூனிக்கோடில் ஒரே குறியாக எழுதலாம், எண் 3019. இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிக்கோடு தரமே சொல்கிறது. ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான். உங்களுடையது முதல் வகை, அதனால் 6. அவருடையது இரண்டாம் வகை, அதனால் 7. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருக்கும் ஆவணங்களில் கொம்பை மெய்யெழுத்துக்கு முன்னால், கண்ணில் படும் வரிசையிலேயே சேமித்திருப்பார்கள். அவற்றை மாற்றித் தரும் சில மென்பொருள்கள் கொம்பை இடம் மாற்றியதோடு நிறுத்திவிடும், காலோடு சேர்த்து ஒரே குறியாக்காது. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, கோப்புப் பெயர்களைத் தானாகவே பிரித்துத்தான் வைக்கும். இப்படிப் பிரிந்து கிடக்கும் ‘கொக்கு’, ‘கெ’ என்று தொடங்குகிறதா என்று பைதானிடம் கேட்டுப் பாருங்கள், ஆம் என்று சொல்லும்.

என்னை உண்மையிலேயே வருத்துவது நீளமோ திருப்புதலோ அல்ல. திருப்பிப் போடும் வேலை மாலைமாற்றைத் தவிர எங்கே வருகிறது? தினமும் அடிபடுவது, ‘இது எழுத்தா’ என்று கேட்கும் இடங்கள்தான். பைதானில் ‘மரம்’ என்பது முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று இஸ்ஆல்ஃபா ஃபங்ஷனைக் கேளுங்கள், இல்லை என்று வரும். ‘பட’ என்றால் ஆம். ஏனென்றால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் இல்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. பைதானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மாட்யூலில், அதாவது உரையில் வடிவம் தேடும் கருவியில், ‘சொற்களைப் பிரி’ என்று சொன்னால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடையும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறியீடு ஆங்கில எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் தவிர எதையும் சொல்லாகவே மதிக்காது. இணையப் படிவங்களில் பெயரைத் தமிழில் இட்டால் ‘எழுத்துகள் மட்டுமே அனுமதி’ என்று சிவப்பில் வருகிறதே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒற்றை வரிதான் இருக்கும். எழுதிய நிரலாளருக்குத் தமிழ் மேல் எந்த வன்மமும் கிடையாது. மொழி கையில் கொடுத்ததை எடுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் மொழி தானாகத் தரும் முன்னிருப்பு இவ்வளவு முக்கியம் என்கிறேன். இலட்சக்கணக்கான நிரலாளர்கள் யோசிக்காமல் கைவைக்கும் இடம் அது.

என் கருத்து இது. பொதுவாக ‘நீளம்’ என்று ஒரு ஃபங்ஷன் ஸ்ட்ரிங்குக்கு இருக்கவே கூடாது. பைட் எத்தனை, கோட் பாயிண்ட் எத்தனை, பார்வைக்கு எழுத்து எத்தனை என்று பெயர் சொல்லிக் கேட்க வைக்க வேண்டும். மூன்றாவது குறியைக் கொடு என்று எண் போட்டு எடுக்கும் வசதியும் தேவையில்லை. நிஜ வேலையில் யாரும் ஐந்தாவது குறியைத் தேடிப் போவதில்லை. ஒரு சொல்லைத் தேடி, கிடைத்த இடத்திலிருந்து வெட்டுவார்கள். அந்த இடத்தைக் காட்ட ஓர் அடையாளம் போதும், அது எண்ணாக இருக்க வேண்டியதில்லை. ஒப்பிடும்போது இரண்டு கோவில்களும் சமம் என்று வர வேண்டும். எழுத்துப் பிரிப்பும் அகரவரிசையும் மொழியோடு வரும் நூலகத்திலேயே இருக்க வேண்டும், தேடிப் போய் நிறுவும் பொருளாக இருக்கக் கூடாது.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். மொழியை மாற்ற வேண்டாம். உள்ளே வரும் சொல் எல்லாவற்றையும், பிள்ளைகள் தட்டச்சு செய்வதையும் சேர்த்து, முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த ஒரே சீரான வடிவத்துக்கு, நார்மலைஸ் செய்யுங்கள். பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூல் போதும், கோவில் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. அப்புறம் ரெஜெக்ஸ் என்ற வெளி மாட்யூலை நிறுவுங்கள். பைதானோடு வருவது வேறு, இது வேறு. அதில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்த்துப் போட்டால் ஓர் எழுத்தை முழுதாக, குறியோடும் புள்ளியோடும் எடுக்கும். ஓப்பன்-தமிழ் நூலகத்தின் கெட்-லெட்டர்ஸ் ஃபங்ஷனும் எழுத்தாகப் பிரித்துத் தரும். எதில் செய்தாலும் சொல்லை எழுத்துப் பட்டியலாக மாற்றிவிட்டு, அதற்கு மேல் ஸ்ட்ரிங்கைத் தொடாதீர்கள். எண்ணுவது, கலைப்பது, திருப்புவது, முதலெழுத்துப் பார்ப்பது எல்லாம் பட்டியலின் மேல். வி, க, ட, க, வி என்று பிரிந்த பிறகு விகடகவி தானாகச் சரியாகும்.

பொருநை, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் டேஸ்16 எண்கள் யூனிக்கோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பவை. அதற்கென்றே செய்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பிள்ளைகள் கைப்பேசியில் தட்டுவது யூனிக்கோடு. அது மட்டுமல்ல, எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்தாலும் சந்தி பிரிக்கும் நிரல் எழுதுகிறவர் ‘கோ’வைக் க், ஓ என்று உடைக்கத்தான் வேண்டும். நம் இலக்கணத்திலேயே க் முதல், க அதிலிருந்து வருவது. யூனிக்கோடில் க முதல், புள்ளி வைத்தால் க். எந்தப் பக்கம் எண் கொடுத்தாலும் மறுபக்கத்து வேலைக்காரருக்கு ஒரு மாற்றும் படி மிச்சம் இருக்கும்.


முனையம்:

சொல்லடைவு அக்கா சொன்னதில் ஒரு பகுதியோடு உடன்பாடு இல்லை. நான் சர்வர் பக்கம் வேலை செய்கிறவன். ஒரு நாளில் என் நிரல் வழியாகப் போகும் ஸ்ட்ரிங்குகளில் பெரும்பாலானவற்றை யாரும் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதே இல்லை. ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் கொடுப்பதுதான் வேலை. அதற்குப் பைட் வரிசையைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

யூடிஎஃப்-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் பிளான் 9 இயங்குதளத்துக்காக உருவாக்கினார்கள். அதே இருவர் பின்னால் ராபர்ட் கிரீஸ்மரோடு சேர்ந்து கோ மொழியை உருவாக்கியபோது, ஸ்ட்ரிங் என்றால் மாற்ற முடியாத பைட் வரிசை என்று வைத்தது தற்செயல் இல்லை. அந்த முறையின் அழகே, ஒரு சொல்லை இன்னொன்றுக்குள் பைட் பைட்டாகத் தேடினாலும் ஒரு குறியின் நடுவில் தவறாகப் பொருந்தாது என்பதுதான்.

இன்னொன்று, வெளியிலிருந்து வருவதெல்லாம் ஒழுங்கான உரை இல்லை. லினக்ஸில் கோப்புப் பெயர் என்பது சாய்கோடும் பூச்சியமும் தவிர எந்தப் பைட்டும் இருக்கலாம். பைதான் 3 எல்லாவற்றையும் யூனிக்கோடு என்று பிடிவாதமாக எடுத்துக்கொண்டதால், உடைந்த பெயர்களைக் கையாளத் தனி ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. ஒப்பிடும்போதெல்லாம் நார்மலைஸ் செய்தால் வேகமும் போகும். கடவுச்சொல், கையொப்பம் சரிபார்க்கும் இடங்களில் ‘பார்வைக்குச் சமம்’ என்பது ஆபத்தும்கூட. ரஸ்ட் செய்வதுதான் சரி என்பேன்: உள்ளே யூடிஎஃப்-8 ஒழுங்காக இருக்கிறது என்று உறுதி செய்யும், குறியின் நடுவில் வெட்டினால் நிரலை நிறுத்தும், எழுத்துப் பிரிப்பு வேண்டுவோர் வெளி நூலகம் எடுத்துக்கொள்ளலாம்.


மின்மினி:

நான் ஐபோன் செயலி எழுதுகிறேன். ஸ்விஃப்டில் கரும்பலகை ஐயா கேட்டது எதற்கும் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ‘தமிழ்’ 3 என்று வரும். இரண்டு கோவில்களும் சமம். முதல் எழுத்தைக் கேட்டால் ‘கோ’ என்று முழுதாக வரும். விகடகவியைத் திருப்பினால் விகடகவிதான்.

புதிதாக வருபவர்கள் முதலில் கொஞ்சம் திணறுவார்கள், மூன்றாவது எழுத்து என்று எண் போட்டுக் கேட்க விடாது, அதற்கென்று ஓர் இன்டெக்ஸ் வகை இருக்கிறது. பழகிவிடும். நீளம் கேட்டால் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து எண்ணுவதால் பெரிய உரையில் மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்ப இமோஜியை ஜாவாஸ்கிரிப்ட் 11 என்று எண்ணும்போது, ஸ்விஃப்ட் 1 என்று எண்ணுவதைப் பயனர்கள் தங்கள் கண்ணாலேயே சரி என்பார்கள்.


சொல்லடைவு:

முனையம் தம்பி, வாங்கிக் கொடுப்பதற்குப் பைட் போதும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. கையொப்பம் பற்றிச் சொன்னதும் சரி, அங்கே பைட் ஒப்பீடு என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் ரஸ்ட் தரும் பாதுகாப்பு பைட்டுக்குத்தான், எழுத்துக்கு இல்லை. ‘தமிழ்’ என்பதை 7ஆம் பைட்டில் வெட்டினால் நிரலை நிறுத்தும். 6ஆம் பைட்டில் வெட்டினால் ‘தம’ என்று கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாது. பைட் பைட்டாகத் தேடுவதும் அப்படித்தான். ‘மன’ என்று தேடினால் ‘மன்னன்’ கிடைக்கும், அதில் ன என்ற எழுத்து இரண்டாம் இடத்தில் இல்லவே இல்லை, ன் தான் இருக்கிறது. ஒரு நூல் முழுக்க ‘எல்லாவற்றையும் மாற்று’ கொடுக்கும்போது இப்படிப் பொருந்திய இடங்கள் எத்தனை பக்கத்தைக் கெடுக்கும் என்று பிழைதிருத்துகிறவர்களைக் கேளுங்கள். தேவையானவர் வெளி நூலகம் எடுத்துக்கொள்ளட்டும் என்றால், தனக்குத் தேவை என்று தெரிந்தவர் மட்டுமே எடுப்பார். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் நிரலாளருக்கு அந்தத் தேவை கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே மூன்று கணக்கும் ஒரே எண்ணைத் தரும்.

மின்மினி, ஸ்விஃப்ட் எனக்கும் பிடித்த வழிதான், ஆனால் அதிலும் ஒரு கவனம் வேண்டும். எழுத்து எல்லை என்பது யூனிக்கோடு பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. 2023 செப்டம்பரில் வந்த 15.1 பதிப்பில் தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றின் கூட்டெழுத்துகளை ஒரே எழுத்தாக எடுக்கும் விதி சேர்ந்தது. அதே இந்திச் சொல் பழைய கைப்பேசியில் மூன்று, புதிய கைப்பேசியில் இரண்டு என்று எண்ணப்படலாம். அதனால் எழுத்து எண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் சேமித்து வைக்காதீர்கள், ‘ஏழாவது எழுத்திலிருந்து தடித்த எழுத்து’ என்று கோப்பிலும் எழுதி வைக்காதீர்கள். காட்டும் நேரத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒட்டினாலும் கணக்கு மாறும்: ‘தமிழ’ மூன்று, அதோடு ஒரு புள்ளியை ஒட்டினால் அப்போதும் மூன்றுதான்.


கரும்பலகை:

அனைவருக்கும் நன்றி. ரெஜெக்ஸ் மாட்யூல் போட்டுப் பார்த்தேன், விகடகவியும் தாத்தாவும் சரியாக வருகின்றன. இன்னும் இரண்டு சந்தேகம். ‘பக்ஷி’ என்ற சொல்லை ப, க், ஷி என்று மூன்றாகப் பிரிக்கிறது, பிள்ளைகள் இரண்டு எழுத்து என்கிறார்கள். அடுத்து, சொற்பட்டியலை வரிசைப்படுத்தினால் ‘மனம்’ முன்னாலும் ‘மயில்’ பின்னாலும் வருகிறது, ‘பகல்’ வந்த பிறகுதான் ‘பக்கம்’ வருகிறது. அகராதியில் நேர்மாறாக அல்லவா இருக்கும்?


சொல்லடைவு:

நல்ல கேள்விகள் ஐயா. முதலாவது: தமிழுக்கு அந்தக் கூட்டெழுத்து விதி இல்லை, இருக்கவும் கூடாது. இருந்தால் ‘பக்கம்’ என்பதில் க்க ஒரே எழுத்தாகிவிடும். தமிழில் கூட்டெழுத்தாக எழுதப்படுபவை க்ஷ, ஸ்ரீ இரண்டும்தான். க்ஷ ஓர் எழுத்தா இரண்டா என்று நிரல்மொழி முடிவு செய்ய முடியாது, பாடம் நடத்தும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்று என்றால், பிரித்த பட்டியலில் ‘க்’ வந்து அடுத்தது ஷ-வில் தொடங்கினால் இரண்டையும் ஒட்டிவிட ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதுங்கள். ஸ்ரீக்கு இன்னும் ஒரு படி கவனம். ஸ சேர்த்து எழுதுவோரும் உண்டு, 2005-இல் யூனிக்கோடு 4.1-இல் வந்த ஶ சேர்த்து எழுதுவோரும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும், நார்மலைசேஷன் இவற்றைச் சமமாக்காது. உங்கள் பட்டியலில் ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு மற்றதை அதற்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, பொருநை சொன்ன இஸ்கி சட்டத்தின் விளைவு. ன, ற, ழ மூன்றும் தேவநாகரியில் திராவிட ஒலிகளுக்காக ஒதுக்கிய இடங்களுக்கு நேராக வைக்கப்பட்டவை, அதனால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று எண் அமைந்தது. புள்ளியின் எண்ணோ 3021, எல்லா மெய்க்கும் உயிர்க்குறிக்கும் பின்னால். பைதான் எண் வரிசைப்படி அடுக்குவதால் ‘மனம்’ முந்துகிறது, ‘பக்கம்’ பிந்துகிறது. இடம் பிடித்த எண்ணை யூனிக்கோடு ஒருபோதும் மாற்றாது என்பது 1996 முதல் உள்ள உறுதி, அதனால் இது இப்படியேதான் இருக்கும். வரிசைக்கென்று தனி விதித்தொகுப்பு இருக்கிறது. பைஐசியு என்ற நூலகத்தை நிறுவி, தமிழ் மொழிக்கான கொலேட்டரை, அதாவது வரிசைப்படுத்தும் கருவியை எடுத்து, அது தரும் திறவுகோலைக் கொண்டு அடுக்குங்கள். மெய் முன்னால், உயிர்மெய் பின்னால், ற ன இரண்டும் வ ழ ள-வுக்கு அப்புறம், கிரந்தம் கடைசியில் என்று அகராதி வரிசை அப்படியே வரும். ஜாவாஸ்கிரிப்டில் செய்தால் இன்டல் கொலேட்டர் உலாவியிலேயே இருக்கிறது.

பட்டியலை இறுதி செய்யும் முன் ஔகாரச் சொற்களை மட்டும் கையால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஔ-வுக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள், கௌ என்பதைக் கெ, ள என்றும். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும், நிரலுக்கு அது வேறு சொல், எந்த நார்மலைசேஷனும் திருத்தாது. ஔவையார், ஔடதம், கௌதாரி, மௌனம் இவற்றை முதலில் தேடிப் பாருங்கள்.